மூன்றாவது கோடு

டானர் கிரீக்,
19 செப்டம்பர் 2010

அன்புள்ள ஏமஸ் மாமாவுக்கு,

மார்னி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அந்தப் பாறைத் தீவில் நீங்களும், உங்கள் விளக்கும், உங்களுக்கு அண்டை வீட்டாராக வாய்த்த கடல்நாய்களும் நலமா?

முதலில் ஒரு செய்தி. அது நல்லதா கெட்டதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கணக்குத் தேர்வு அன்று பள்ளியில் தீ மணி அடித்தது. தீ இல்லை. மணியை அடித்தவள் உங்கள் மருமகள். பள்ளிக்கூடமே பனிக்கோட்டு கூடப் போடாமல் மைதானத்தில் நின்றது. தேர்வு தள்ளிப்போனது, ஆனால் தண்டனை தள்ளிப்போகவில்லை. ஹால்வர்சன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"மத்தவங்களுக்கு ஹாக்கி, கரடி, தங்க வேட்டைன்னு தலைப்பு. உனக்கு மரம். அமெரிக்காவும் சீனாவும் வருஷா வருஷம் நம்ம நாட்டுல இருந்து எவ்வளவு பைன் பலகை வாங்கியிருக்காங்கன்னு ஒப்பிட்டுப் பெரிய படமா வரை. உக்காந்து எண்ணு, அப்பத்தான் கை சும்மா இருக்கும்" என்றார்.

உட்கார்ந்து எண்ணினேன். அமெரிக்காவுக்கு நீலக் கோடு. 2005-இல் உச்சியில் இருக்கிறது. அங்கே வீடு கட்டுவது நின்றதும் இறங்குகிறது, 2009-இல் பாதிக்கும் கீழே. மரத்தைப் பற்றிய கோடு என்பதாலோ என்னவோ அச்சாகச் சறுக்குமரம். சீனாவுக்குச் சிவப்புக் கோடு. முதலில் தரையோடு தரையாக ஊர்ந்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று வருடத்தில் ஏணி வைத்து ஏறுகிறது. நாட்டுக் கணக்கில் இரண்டு கோடுகளும் இன்னும் தொடவில்லை. நம் ஊர்த் தண்டவாளத்தில் எப்போதோ தாண்டிவிட்டன. முன்பெல்லாம் பலகை ஏற்றிய ரயில் தெற்கே அமெரிக்காவுக்குப் போகும். இப்போது பெரும்பாலும் மேற்கே, துறைமுகத்துக்கு.

அங்கே உங்கள் கண் முன்னால்தானே கப்பலும் போகிறது? பார்த்து எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்டுவைக்கிறேன். நம் ஊர் மரம் அறுக்கும் மில்லை விட்டு ஏன் போனீர்கள் என்று நான் கேட்டதற்கு மூன்று கடிதமாகப் பதில் இல்லை. கலங்கரை விளக்கத்தில் இருந்துகொண்டு விளக்கம் தராமல் இருப்பது நியாயமா?

வீட்டு போனில் கூப்பிட வேண்டாம், எடுப்பது அம்மாதான். தபால் பெட்டியின் சாவி என்னிடம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் வாலு,
மார்னி

*

ஹெரிங் பாறை,
10 அக்டோபர் 2010

அன்புள்ள மார்னிக்கு,

நான் நலம். மழை வருவதை மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்பே முழங்கால் சொல்லிவிடுகிறது. நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கைத் துடைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். தபால் எடுக்க ஹெலிகாப்டர் மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. மூடுபனி வந்தால் அதுவும் இல்லை. தாமதமானால் என்னைத் திட்டாதே.

நீ சொன்னது சரி. பலகைக் கப்பல்கள் போகின்றன. நான் வந்த புதிதில் ஒரு கப்பலைப் பார்த்தால் எழுந்து நிற்பேன். இப்போது சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன்.

தீ மணி அடித்ததற்கு நான் உன்னைக் கண்டிக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தத் தகுதி கிடையாது. உன் வயதில் நானும் உன் அம்மாவும், மில்லில் வேலை பார்த்த பிரஷ்கோவைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கடுங்குளிரில் அவன் வண்டியின் இன்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் மின்கம்பி அவன் வீட்டுக் கொட்டகையில் செருகியிருக்கும். கம்பியைப் பிடுங்கினால் தெரிந்துவிடும். அதனால் கொட்டகையின் ஃபியூஸை மட்டும் கழற்றிக்கொண்டு வருவோம். கம்பி செருகியபடியே இருக்கும், காலையில் இன்ஜின் கல்லாகியிருக்கும். ஒரு வாரம் வண்டியின் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த யோசனை உன் அம்மாவுடையது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

கேட்க மறந்தேன். இப்போது வண்டு அரித்துச் செத்த மரம் எவ்வளவு அறுக்கிறார்கள்? நீலக்கறை விழுந்திருக்கும், பார்த்தால் தெரியும். சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஏமஸ் மாமா

*

டானர் கிரீக்,
31 அக்டோபர் 2010

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், என் கணக்கு மதிப்பெண்ணைத் தவிர. உங்கள் முழங்கால் எப்படி? அதற்கு வானொலி நிலையத்தில் வேலை வாங்கித் தரலாமா?

உங்கள் கேள்விக்குப் பதில்: கிட்டத்தட்ட எல்லாமே செத்த மரம்தான். அம்மாவிடம் கேட்டேன். "உயிருள்ள பைன் எங்கடி இருக்கு இந்தப் பக்கம்? நிக்கிறதெல்லாம் பொணம்" என்றாள். அமெரிக்காக்காரர்கள் நீலக்கறையைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்களாம். சீனாவில் சென்ட்ரிங் பலகைக்குத்தான் போகிறதாம், கான்கிரீட் இறுகியதும் கழற்றிப் போடுகிற பலகைக்கு நிறம் எதற்கு? ஆகவே சிவப்புக் கோடு ஏறுகிறது, மில்லும் ஏறுகிறது. இரண்டாவது ஷிப்டு தொடங்கிவிட்டது. அம்மா சாயங்கால ஷிப்டில், பழைய இடத்திலேயே, பலகை ஓரம் சீவும் எந்திரத்தின் நாற்காலியில். போன வருடம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்புகிறாள். அப்பா அல்பெர்ட்டாவுக்குப் போனதிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை.

பிரஷ்கோதான் இப்போது ஷிப்டு மேற்பார்வையாளர். வெள்ளிக்கிழமை தோறும் எல்லாருக்கும் டோநட் வாங்கி வருகிறார். யாராவது வராவிட்டால் அவரே அந்த எந்திரத்தில் உட்கார்ந்துவிடுவாராம். போன வாரம் அம்மாவை இறக்கிவிட வந்தபோது என்னிடம், "உங்கம்மா மேல ஒட்டியிருக்கிற தூளைத் தட்டினா இன்னொரு வீடு கட்டலாம். மில்லு தூள் கிளப்புது பாப்பா" என்றார்.

உண்மையாகவே தூள்தான். முன்பு அம்மாவின் ஜாக்கெட்டில் சுருள் சுருளாகச் சீவல் ஒட்டியிருக்கும், ஈரமாக, பிசின் வாசனையோடு. இப்போது கேக் செய்யும் மாவு மாதிரி இருக்கிறது. உதறினால் கீழே விழுவதில்லை, காற்றில் நிற்கிறது. ஜன்னல் வெயிலில் அது நிற்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று அம்மாவிடம் நேராகவே கேட்டேன். பாத்திரம் கழுவும் சத்தம் கூடியது.

கடல்நாய்களுக்கு என் வணக்கம்.

மார்னி

*

ஹெரிங் பாறை,
14 நவம்பர் 2010

அன்புள்ள மார்னிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருந்தாய், இரண்டு முறை படித்தேன்.

ஹெலிகாப்டர் இறக்கை சுற்றிக்கொண்டே நிற்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன். மூன்று கேள்வி. குளிருக்கு மில் சுவரின் திறப்புகளைப் பிளாஸ்டிக் தாள் போட்டு அடைத்துவிட்டார்களா? தூள் அடங்கத் தண்ணீர் தெளிக்கும் மெல்லிய குழாய் ஓடுகிறதா? மேலே விட்டங்களைக் கூட்டுவது யார்?

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே. நீயாகக் கேள்.

ஜாக்கெட்டை வாசலுக்கு வெளியே உதறச் சொல். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

மாமா

*

டானர் கிரீக்,
5 டிசம்பர் 2010

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். நான் நலம், ஆனால் இடது புருவத்தில் பாதி நலமில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் நலமா? போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது. ஒரு ஜோக் கூட இல்லை.

மூன்று கேள்விக்கும் பதில் வாங்கிவிட்டேன். உளவுத்துறையில் எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. ஒன்று: ஆமாம், நாலு பக்கமும் பிளாஸ்டிக். "அடைக்கலைன்னா கை விறைச்சுப் போகும், ரம்பத்துக்கு விரல் கொடுக்கவா?" என்றாள் அம்மா. இரண்டு: தண்ணீர்க் குழாய் முதல் உறைபனியிலேயே வெடித்துவிட்டது, இனி வசந்தத்தில்தான் சரி செய்வார்களாம். மூன்று: விட்டம் கூட்டிக்கொண்டிருந்தவர்களைப் பலகை அடுக்கப் போட்டுவிட்டார்கள். கப்பல் காத்திருக்கிறது, விட்டம் எங்கே ஓடிவிடப் போகிறது?

என் படமும் முடிந்தது. நீலக் கோடு, சிவப்புக் கோடு, ஓரத்தில் ஒரு கழுகும் ஒரு டிராகனும். ஹால்வர்சன் சார் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, "நீயா வரைஞ்ச?" என்று கேட்டார். பிரஷ்கோவுக்குச் சிவப்புக் கோடு ரொம்பப் பிடித்துவிட்டது. வாங்கிக்கொண்டு போய் மில் சாப்பாட்டு அறையில் மாட்டிவிட்டார். "இதப் பாருங்கடா, நம்ம சோறு எங்கேருந்து வருதுன்னு" என்கிறாராம் எல்லாரிடமும்.

இப்போது புருவம். என் பிறந்தநாளுக்கு அம்மா கேக் வாங்கி வந்தாள். பதினேழு மெழுகுவர்த்தி. எனக்கு ஒரு யோசனை. அம்மா ஜாக்கெட்டின் மடிப்பிலிருந்து ஒரு சிட்டிகைத் தூள் எடுத்து, மந்திரவாதி மாதிரி மெழுகுவர்த்திக்கு மேலே தூவினேன். மாமா, ஒரு பந்து. நெருப்புப் பந்து. புஸ்ஸென்று கூரை வரைக்கும் போய்விட்டு ஒன்றுமே நடக்காதது போல் அணைந்தது. கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. புருவம்தான்.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஜாக்கெட்டை வெளியே போய் உதறிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு அவளாகவே பேசினாள். "உங்க மாமா இப்படித்தான். போன பனிக்காலத்துல மில்லு திறந்து ரெண்டு மாசம்கூட ஆகல. தூளு தூளுன்னு பாதுகாப்பு ஆபீசுக்கு எழுதிப் போட்டான். வந்து மூடினாங்க. மறுபடி மூடிட்டாங்கன்னு ஊரே அழுதுச்சு. நாலு நாள்ல திறந்துட்டாங்க. ஆனா அந்த நாலு நாள் என் முகத்துல யாரும் முழிக்கல. அக்கா ஒருத்தி அங்க வேலை பாக்குறாளேன்னு ஒரு வார்த்தை கேட்டானா என்கிட்ட?"

இதைத்தானே என்னிடம் சொல்லாமல் இருந்தீர்கள்? இவ்வளவுதானா?

பாதிப் புருவத்துடன்,
மார்னி

*

ஹெரிங் பாறை,
15 டிசம்பர் 2010

அன்புள்ள மார்னிக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தைக் கொண்டுவந்த ஹெலிகாப்டர் மேகம் வருகிறது என்று உடனே கிளம்பிவிட்டது. படித்துவிட்டு வெளியே ஓடினேன். அது போய்விட்டிருந்தது.

உன் மெழுகுவர்த்தி மேல் விழுந்தது ஒரு சிட்டிகை. அந்த விட்டங்களின் மேல், விளக்குகளின் மேல், மோட்டார்களின் மேல் கிடப்பது எத்தனை சிட்டிகை? ஈரமான மரம் சீவலாக விழும், விழுந்த இடத்தில் கிடக்கும். செத்துக் காய்ந்த மரம் மாவாகப் பறக்கும். மூடிய கட்டடம், தண்ணீர் இல்லை, கூட்டுவாரும் இல்லை. அங்கே தேவைப்படுவது உன் கேக்கில் இருந்த ஒரு மெழுகுவர்த்திதான்.

உன் படத்தில் இரண்டு கோடுதான் இருக்கிறது. மூன்றாவது ஒன்று வேண்டும். நீலம் இறங்கிச் சிவப்பு ஏற ஏறக் காய்ந்த மரம் ஏறுகிறது. அதோடு சேர்ந்து தூளும் ஏறுகிறது. அந்தக் கோட்டை யாரும் வரையச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவைச் சாயங்கால ஷிப்டிலிருந்து எடுக்க முடியுமா பார். பகலில் கதவுகளாவது திறந்து மூடுவார்கள்.

டிசம்பர் 21. ஹெலிகாப்டர் வரவில்லை. துறைமுகம் வழியாக ரேடியோ தொலைபேசியில் உன் அம்மாவைப் பிடித்தேன். குரலைக் கேட்டதும், "கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டியா?" என்றாள். இல்லை, தூள் என்றேன். வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. என் மேல்தான் தப்பு. ஆமாம் கிறிஸ்துமஸுக்குத்தான் என்று தொடங்கியிருக்க வேண்டும்.

டிசம்பர் 30. புயல். பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். உனக்கு எழுதும் இந்தக் கடிதமும் அதுவும் ஒரே பையில், என் மேசைக்கு அடியில் கிடக்கின்றன.

ஜனவரி 9. இன்னும் இல்லை. அலை விளக்குக் கண்ணாடி வரை வருகிறது.

ஜனவரி 20. சத்தம் கேட்கிறது. வருகிறது. பையைக் கட்டுகிறேன்.

நீ நலமா? அம்மா நலமா? இதை மட்டும் உடனே எழுது.

மாமா

*

டானர் கிரீக்,
16 ஜனவரி 2011

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. டிசம்பர் முழுக்கப் பதில் இல்லை. என் கடிதத்தைக் கடல்நாய் தின்றுவிட்டதா, உங்கள் பதிலைத் தின்றுவிட்டதா? அல்லது உங்கள் ரகசியத்தை அம்மா சொல்லிவிட்டதால் கோபமா? எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்களும் என்னை மாதிரி மணி அடித்தவர்தானே.

இங்கே மைனஸ் நாற்பது. வண்டிகளையெல்லாம் மாடு கட்டுவது போலக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் மூக்கணாங்கயிறு மாதிரி ஒரு மின்கம்பி. எங்கள் ஏரிச் சாலையில் கம்பியைச் செருக மறந்தவன் அன்றைக்கு வீட்டுக்குள்தான். நடந்து போக முடியாது, பக்கத்து வீடு என்றும் ஒன்று கிடையாது.

போன வாரம் மில்லில் ஒரு குட்டித் தீ. ஒரு பெல்ட் தேய்ந்து பொறி பறந்ததாம், அம்மா நாற்காலிக்குப் பின்னால். பிரஷ்கோவே தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி அணைத்தாராம். எல்லாரும் கைதட்டினார்களாம். "வாரத்துக்கு ஒண்ணு வருது, பிறந்தநாள் மாதிரி" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு என் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

மேற்கே போகும் ரயில் இப்போது மிக நீளம். அது போய் முடிவதற்குள் நான் ஒரு ஆப்பிள் தின்று முடித்துவிடுகிறேன்.

எழுதுங்கள், மாமா. திட்டியாவது எழுதுங்கள்.

மார்னி

*

டானர் கிரீக்,
30 ஜனவரி 2011

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்டபடி முதலில்: நான் நலம், அம்மா நலம். இன்று வரை.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால் நிலையத்தில் நின்றபடியே படித்தேன். பிறகு மில்லுக்குப் போனேன். சாப்பாட்டு அறையில் யாரும் இல்லை. பையிலிருந்து கருப்பு மார்க்கரை எடுத்து என் படத்தில் மூன்றாவது கோட்டைப் போட்டேன். சிவப்புக்குப் பக்கத்திலேயே, அதே சாய்வில், தாளின் விளிம்பைத் தாண்டிச் சுவர் வரைக்கும். பிரஷ்கோ பின்னால் வந்து நின்றார்.

"சுவத்தையும் விட்டுவைக்கல பாரு. இது என்ன கருப்பு? எந்த நாடு?"

"நம்ம நாடுதான். தூளு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். "உங்க மாமா எழுதினானா?" என்றார். நான் மார்க்கரை மூடிப் பையில் போட்டேன். "தெரியும் பாப்பா. எனக்குத் தெரியாதா? மார்ச் வரைக்கும்தான் இந்த ஆர்டர். குளிர் விட்டதும் தண்ணி விடலாம், எல்லாத்தையும் திறந்து போட்டு நானே கூட்டுறேன். இப்ப நிறுத்தினா மறுபடி திறக்க மாட்டாங்க. போன தடவை எத்தனை பேர் வீட்டை வித்துட்டுப் போனாங்கன்னு உனக்குத் தெரியாது" என்று சொல்லி ஒரு டோநட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அம்மாவிடமும் சொன்னேன். உங்கள் கடிதத்தைக் காட்டினேன், நீங்கள் வேண்டாம் என்றாலும். அவள் வாங்கவே இல்லை.

"அன்னிக்கு மணி அடிச்ச. இன்னிக்குக் கோடு போடுற. நாளைக்கு என்ன?"

"அம்மா, இது விளையாட்டு இல்ல."

"உன் வாயில எது விளையாட்டு, எது இல்லன்னு நான் எப்படிடி கண்டுபிடிக்கிறது?"

செப்டம்பரில் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்திச் சிரித்தபோதே என்னிடமிருந்த மணி தீர்ந்துபோய்விட்டது போலிருக்கிறது.

பகல் ஷிப்டு கேட்க மாட்டாளாம், அது கோழை கேட்பதாம். சரி. கேட்டு நடக்காததைக் கேட்காமல் செய்ய எனக்குத் தெரியும். நீங்கள் எழுதிய பழைய கடிதம் ஒன்றை நேற்று மறுபடி படித்தேன், அக்டோபரில் எழுதியது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

காதை மூடிக்கொள்ளுங்கள். இங்கே குளிர் இன்னும் ஏறுமாம்.

மார்னி

*

ஹெரிங் பாறை,
10 பிப்ரவரி 2011

அன்புள்ள மார்னிக்கு,

நலமா என்று எழுதிவிட்டு வெகு நேரம் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அதை எதற்காக எழுதினோம் என்று தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

இன்று காலை கடல் வானிலை அறிக்கை முடிந்ததும் வானொலியில் செய்தி. டானர் கிரீக் மில். நேற்றுச் சாயங்கால ஷிப்டு. கூரை முழுதாகத் தூக்கி எறியப்பட்டதாம், சத்தம் ஏரிக்கு அக்கரையில் கேட்டதாம். பெயர்கள் சொல்லவில்லை. குடும்பங்களுக்குத் தெரிவித்த பிறகே சொல்வார்களாம். அந்தக் குடும்பங்களில் நானும் ஒருவன் என்று யாருக்காவது ஞாபகம் இருக்குமா?

உன் வீட்டு எண்ணைக் கேட்டுத் துறைமுகத்துக்காரர்களைப் படுத்திவிட்டேன். இணைப்பு இல்லை. ஊர் முழுக்க இணைப்பு இல்லை.

உன்னிடமிருந்து கடைசியாக என் கையில் இருப்பது டிசம்பர் கடிதம். அதில் நீ மெழுகுவர்த்தி மேல் தூள் தூவிச் சிரிக்கிறாய். அதன் பிறகு நீ எழுதியவை எல்லாம் துறைமுகத்தில் பையில் கிடக்கும். மேகம் விலகியதும் கொண்டுவருவார்கள். அதில் நல்லபடியாக எழுதியிருப்பாய், சிரிப்பு வரும்படி எழுதியிருப்பாய், ஆனால் அது நேற்றுக்கு முந்தியது.

பகலில் ஒரு பலகைக் கப்பல் கடந்து போனது. எழுந்து நின்றேன். மறையும் வரை உட்காரவில்லை.

நீ பிரித்தாலும் சரி, அம்மா பிரித்தாலும் சரி, வேறு யார் இதைப் பிரித்தாலும் சரி. ஒரு வரி எழுதுங்கள்.

ஏமஸ்

*

டானர் கிரீக்,
27 பிப்ரவரி 2011

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். நான் நலம். துறைமுகம் மூலமாக அந்த இரண்டு வரியை மட்டும் சொல்லி அனுப்பச் சொன்னேன், வந்து சேர்ந்திருக்கும்.

அம்மாவின் வண்டி பிப்ரவரி முதல் வாரத்திலிருந்தே கிளம்பவில்லை. கம்பி செருகித்தான் இருந்தது. இன்ஜின் கல். அம்மா ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து பிரின்ஸ் ஜார்ஜ் நகரத்திலிருந்து புதிது வரவழைக்கச் சொன்னாள். பாதையில் பனி, அது வந்து சேரத் தாமதமானது. தினமும் பிரஷ்கோவுக்கு போன் செய்வாள். ஷிப்டு நேரத்தில் அவ்வளவு தூரம் வந்து அழைத்துப் போக யாருக்கும் முடியவில்லை. கடைசி போனை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நீ வண்டியப் பாரு கோரின். நாற்காலிய நான் சூடா வச்சிருக்கேன், வந்து உக்காந்துக்க" என்றார்.

அந்தச் சாயங்காலம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசையில் காப்பிக் கோப்பை தானாக நகர்ந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அம்மா எங்கள் வண்டிக் கொட்டகைக்குப் போனாள். நான் சமையலறையில் இருந்தேன். வெகு நேரம் கழித்து வந்தாள். என் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். நான் பென்சில் டப்பாவைத் திறந்து ஃபியூஸை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். போய் அவளே மாட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ராத்திரியில் என் அறைக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கச் சொல்கிறாள்.

ஊரில் இப்போது ரயில் இரண்டு பக்கமும் போவதில்லை. ஹால்வர்சன் சார் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார், கோபத்தில் இல்லை. அந்தப் படத்தை வரையச் சொன்னவர் அவர்தானே. துக்கம் விசாரிக்கப் பிரஷ்கோவின் வீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். அவர் மனைவி எங்களை உட்கார வைத்து, "நல்லவேளை கோரின், உன் வண்டி கிளம்பல" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பத்தாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. அதை அம்மாதான் பிரித்தாள். தபால் பெட்டிச் சாவியும் இனி அவளிடம்தான், கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளும் உங்களுக்கு எழுதுவாள், கொஞ்ச நாள் ஆகும்.

ஆகவே மாமா, ஒரு வேண்டுகோள். ஃபியூஸைப் பற்றி எழுதாதீர்கள். நான் செய்தது சரி என்றும் எழுதாதீர்கள், தப்பு என்றும் எழுதாதீர்கள். மழை, முழங்கால், கடல்நாய் எது வேண்டுமானாலும் எழுதுங்கள். எங்கள் நலம் கேட்டு எழுதுங்கள், நாங்கள் நலம் என்றுதான் பதில் போடுவோம்.

மில் வளாகத்தில் வண்டிகள் நிறுத்துமிடம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக ஒரு வண்டி நிற்கிறது, மேலே முழங்கால் அளவு பனி. கம்பத்தில் மின்சாரம் இல்லை, ஆனால் பிரஷ்கோவின் கம்பி இன்னும் செருகியபடியே இருக்கிறது. பள்ளிப் பேருந்தில் போகும்போது தினமும் பார்க்கிறேன். அதைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை.

மார்னி